குறைந்த வாடகைக் குடியிருப்பு நடத்தும் தொண்டு அமைப்பின் நிர்வாகக் குழுவில் சேர்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என்று தறியும் தையலும் ஓடும் ஊர்களில் வேலை தேடி வருபவருக்கு வேலை ஒரு வாரத்தில் கிடைத்துவிடுகிறது. வாங்கும் சம்பளத்துக்கு அடங்கிய வீடு மட்டும் ஆறு மாதம் அலைந்தாலும் கிடைப்பதில்லை. அந்தக் குறையைக் கொஞ்சமேனும் தீர்க்க, குறைந்த வாடகைக்கு லைன் வீடுகள் (ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய சிறு வீடுகள்) கட்டிவிட்டும், அவற்றோடு பகல்நேரக் குழந்தைகள் காப்பகம், ஆதரவற்ற முதியோருக்கான அறைகள், பெண் தொழிலாளர் விடுதி போன்றவற்றை நடத்தியும் வரும் சங்கங்களும் அறக்கட்டளைகளும் நம் பகுதியில் உள்ளன. அப்படிப்பட்ட ஒரு சங்கத்தின் நிர்வாகக் குழுவில் 12 ஆண்டுகள் இருந்து, அதில் பாதிக் காலம் பொருளாளராகவும் பணியாற்றியவன் என்ற முறையில், புதிதாகச் சேர நினைப்பவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

நிர்வாகக் குழு உறுப்பினர் என்றால் உண்மையில் என்ன வேலை?

சோறு பரிமாறுவதும் சுவருக்கு வெள்ளையடிப்பதும் தொண்டுதான். ஆனால் அவை நிர்வாகக் குழுவின் வேலை அல்ல. அன்றாடக் காரியங்களைச் சம்பளம் வாங்கும் மேலாளரும் ஊழியர்களும் பார்த்துக்கொள்வார்கள். வாடகை எவ்வளவு, யாருக்கு வீடு, எந்தக் கட்டடத்தை முதலில் பழுதுபார்ப்பது, எந்த நன்கொடையை ஏற்பது, எதைத் திருப்பி அனுப்புவது என்பவற்றை முடிவு செய்வதும், முடிவு செய்தபடி நடந்ததா என்று கேட்பதும், நடக்காதபோது பதிவாளருக்கும் வரித்துறைக்கும் குடியிருப்பவருக்கும் பதில் சொல்வதும் குழுவின் பொறுப்பு.

பீளமேட்டில் 1926ஆம் ஆண்டில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் புதல்வர்கள் நால்வரும் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக வைத்து, ஐந்தாவது பங்கைத் தருமத்துக்கு ஒதுக்கிய செய்தி கோவையில் பலரும் அறிந்தது, பி.எஸ்.ஜி. அறநிலையம் அப்படித்தான் தொடங்கியது. தருமத்தைக் கூடப் பிறந்த ஒரு பங்காளியாக எண்ணிய அந்த முறையில் எனக்கு ஓர் ஈடுபாடு உண்டு. பாகம் பிரித்த பங்காளி தன் பங்குக்குக் கணக்குக் கேட்பான். தருமம் என்ற பங்காளிக்கு மட்டும் கேட்க வாய் கிடையாது. அதற்காகக் கேட்பதற்கு உட்கார்த்தி வைக்கப்பட்ட ஆள்தான் குழு உறுப்பினர் என்று நான் புரிந்துவைத்திருக்கிறேன்.

எனக்குக் கணக்கும் தெரியாது, சட்டமும் தெரியாது. என்னால் என்ன பயன்?

ஆடிட்டரையும் வக்கீலையும் கட்டணம் கொடுத்தே அமர்த்திக்கொள்ள முடியும். எங்கள் குழுவில் அதிகம் உதவியவர்களில் ஒருவர் மின்வாரியத்திலிருந்து ஓய்வுபெற்றவர். ஒரே இணைப்பிலிருந்து எட்டு வீடுகளுக்கு உள்மீட்டர் போட்டு யூனிட் கணக்கில் பணம் வாங்கிக்கொண்டிருந்ததை அவர்தான் முதல் கூட்டத்திலேயே தடுத்தார். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும்; ஆனால் எட்டுக் குடும்பம் ஒரே இணைப்பில் இருந்தால் அந்த 100 யூனிட்டும் ஒரு முறைதான் கிடைக்கும், அதற்கு மேல் ஓடும் யூனிட்டெல்லாம் உயர்ந்த படிக்கட்டுக் கட்டணத்தில் விழும். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இணைப்பு வாங்கிய பிறகு குடியிருப்பவர்களின் செலவு குறைந்தது. படித்த மற்ற ஏழு பேருக்கும் அது தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

கொத்தனார், செவிலியர், பள்ளி ஆசிரியை, பனியன் கம்பெனியில் ஆள் எடுத்துப் பழகியவர் என்று யாராக இருந்தாலும் தமக்குத் தெரிந்ததை வைத்துக் கேள்வி கேட்க முடிந்தால் போதும். குடியிருப்பவர்களில் குறைந்தது இருவராவது குழுவில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கூரை ஒழுகும் இடத்தை வரைபடத்தில் பார்ப்பவருக்கும், அதன் கீழே பாய் விரித்துப் படுப்பவருக்கும் அவசரத்தின் அளவு வேறு. ஆனால் அவர்களைக் கூப்பிட்டு ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, "நீங்க ஏதாச்சும் சொல்றீங்களாங்க" என்று கடைசியில் கேட்பது பங்கேற்பு ஆகாது. பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வருபவர் கலந்துகொள்ளும் நேரத்தில் கூட்டத்தை வைப்பதிலிருந்தே அது தொடங்குகிறது.

சங்கமா, டிரஸ்டா, கம்பெனியா என்று தெரிந்துகொள்வது அவசியமா?

அவசியம், ஏனென்றால் உங்கள் அதிகாரம் எங்கிருந்து வருகிறது, உங்களை யார் நீக்கலாம் என்பவை அதைப் பொறுத்தே மாறும். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கத்தைத் தொடங்கக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். அதன் நிர்வாகக் குழுவில் குறைந்தது மூவர் இருக்க வேண்டும். குழுவின் பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மேல் போகக் கூடாது. பொதுக்குழு ஆண்டுதோறும் கூட வேண்டும். அங்கே உறுப்பினர்கள் உங்களைத் தேர்ந்தெடுப்பார்கள், மறுமுறை தேர்ந்தெடுக்காமலும் விடுவார்கள். அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரம்தான் எல்லாம். அறங்காவலரை நியமிக்கும் உரிமை யாருக்கு என்பதை அந்தப் பத்திரத்தில் வரிக்கு வரி படித்துப் பாருங்கள், ஏனென்றால் பல பத்திரங்களில் அது நிறுவனரின் குடும்பத்துக்கு மட்டுமே எழுதப்பட்டிருக்கும். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவில் பதிவான அமைப்பு மூன்றாவது வகை. அதில் நீங்கள் இயக்குநர் ஆவீர்கள், இயக்குநருக்குரிய சட்டக் கடமைகள் அனைத்தும் உங்களுக்கும் பொருந்தும். சம்பளம் வாங்காத இயக்குநர் என்பதால் அவை குறைவதில்லை.

மாதம் எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம், அதற்கு முன் காகிதங்களைப் படிக்க இரண்டு மணி நேரம், குடியிருப்புக்கு ஒரு முறையாவது நேரில் போய்வர அரை நாள். ஆடிட் நடக்கும் மாதங்களில் இது இரட்டிப்பாகும். கூட்டத்துக்கு வந்த பிறகுதான் அஜெண்டாவைப் பிரிப்பேன் என்பவர் சேராமல் இருப்பதே நல்லது.

சம்பளமோ படியோ உண்டா?

இல்லை. பைலாவில், அதாவது அமைப்பின் துணைவிதிகளில், இடமிருந்து, ரசீதும் இருந்தால், பயணச் செலவைத் திரும்பப் பெறலாம்.

பெரிய நன்கொடை தருபவர்களைத்தான் குழுவில் சேர்ப்பார்களாமே?

சில இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. கல்யாண வீட்டு மொய் நோட்டைப் போல, கொடுத்த தொகையின் வரிசையில் நாற்காலி போடும் அமைப்பில் கேள்வி கேட்கும் உரிமையும் அதே வரிசையில்தான் வரும். பணம் தருபவருக்கு நன்றி சொல்ல ஆண்டு விழா இருக்கிறது.

சேருவதற்கு முன் எந்தெந்தக் காகிதங்களைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்?

பதிவுச் சான்றிதழையும் பைலாவையும் கேளுங்கள். கடைசி மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கைகளை வாங்கி, அவற்றில் ஆடிட்டர் குறிப்பு என்று கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருப்பதை முதலில் படியுங்கள். கடைசி ஓராண்டுத் தீர்மானப் புத்தகத்தை, பேச்சுவழக்கில் சொல்லும் மினிட் நோட்டை, ஒரு மணி நேரம் உட்கார்ந்து புரட்டுங்கள். எல்லாத் தீர்மானமும் "ஒருமனதாக" என்றே முடிந்து, கையெழுத்துகள் ஒரே பேனாவில் ஒரே நாளில் போட்டவை போல இருந்தால், கூட்டம் நடக்காமலே நோட்டு எழுதப்படுகிறது என்று நினைத்துக்கொள்ளலாம்.

நிர்வாகக் குழு மாறும்போது அதை மாவட்டப் பதிவாளரிடம் படிவம் 7இல் தெரிவிக்க வேண்டும். அது தெரிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஊருக்கு நீங்கள் உறுப்பினர், பதிவேட்டில் இன்னும் பழையவர்தான் உறுப்பினர். இந்தச் சிக்கல் பெரும்பாலும் வங்கியில்தான் வெளிப்படும்.

வருமான வரி விலக்குப் பதிவும் நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் அங்கீகாரமும் நடப்பில் உள்ளனவா என்பது அடுத்தது. 12ஏபி, 80ஜி என்று நம் வாயில் பழகிப்போன இவை 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு எண்கள். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 1.4.2026 முதல் நடைமுறை என்பதால் எண்கள் மாறுகின்றன. எண் எதுவானாலும் இந்தப் பதிவுகளுக்குக் காலாவதி உண்டு. அந்தத் தேதியை மேலாளரின் நினைவில் விட்டுவைக்காமல் குழுவின் நாள்காட்டியில் குறித்துவைக்க வேண்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்த நன்கொடைக்கு 80ஜி சலுகை கிடையாது என்பதைத் தெரிந்துவைத்திருங்கள். வேட்டி மடிப்பில் நோட்டுக்கட்டைச் செருகிக்கொண்டு வந்து, ரசீது மட்டும் சலுகையோடு வேண்டும் என்று நிற்கும் நல்ல மனிதர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டிவரும்.

கேட்ட காகிதங்களைக் காட்டத் தயங்கும் அமைப்பில் சேராதீர்கள். "வந்து சேருங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்பது பதில் அல்ல.

செயலாளர் என் தாய்மாமன் முறை. அவரிடம் எப்படிக் கணக்குக் கேட்பது? அது மரியாதைக் குறைவு ஆகாதா?

கொங்கு நாட்டில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். பெரும்பாலும் கூட்டம் முடிந்த பிறகு, வண்டி நிற்கும் இடத்தில், குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். நம் ஊரில் நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்பவரும் பொதுக்காரியத்துக்கு முன்னால் நிற்பவரும் பல நேரம் ஒரே ஆள். சீர் செய்தவரிடம், பெண் எடுத்த வீட்டுக்காரரிடம், "அந்த 40,000 ரூபாய்க்கு வவுச்சர் எங்கேங்க" என்று கேட்க நாக்கு எழாது. கேட்டால், "என்னையே சந்தேகப்படறயா கண்ணு" என்ற ஒரு வார்த்தையில் பேச்சு அடங்கிவிடும்.

இதற்கு நான் கண்ட வழி, கேள்வியை ஆளிடமிருந்து பிரித்து நாளோடு கட்டிவிடுவதுதான். ஒவ்வொரு கூட்டத்திலும், கணக்கு சரியாக இருக்கிற மாதத்திலும்கூட, வங்கி இருப்பு, கையிருப்பு, வாடகை வரவு, நிலுவை, 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட செலவுகள் ஆகியவை ஒரே பக்கத்தில் எல்லோர் கையிலும் தரப்பட வேண்டும் என்று ஒரு தீர்மானம் போட்டுவிடுங்கள். அதன் பிறகு யாரும் யாரையும் கேட்பதில்லை. நாள் வந்தால் தாள் வருகிறது. சந்தேகம் வந்த பிறகு கேட்கும் கேள்வி குத்தலாகத்தான் ஒலிக்கும், எவ்வளவு மென்மையாகக் கேட்டாலும். காசோலைக்கு இரண்டு கையெழுத்து, அந்த இருவரும் ஒரே குடும்பத்தவர் ஆகக் கூடாது என்ற விதியும் இந்த வகைதான். வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைக்கும் வழக்கம் நம்பிக்கையின் அடையாளமாக நம்மிடையே மதிக்கப்படுகிறது. நானும் முதல் ஆண்டில் அதைச் செய்திருக்கிறேன். எதுவும் தவறாகப் போகவில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

உறவு இருக்கிற இடத்தில் வியாபாரமும் வரும். ஆழ்துளைக் கிணறு போட வேண்டும் என்றால், திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்திருக்கும் மச்சான் ஒருவர் குழுவில் யாருக்காவது இருப்பார். அவர் உண்மையிலேயே குறைந்த விலைக்குச் செய்து தரக்கூடும். ஆனாலும் மூன்று விலைப்புள்ளிகள் வாங்கி, உறவுள்ள உறுப்பினர் அந்த உறவைச் சொல்லிவிட்டு அறையைவிட்டு வெளியே போய், மற்றவர்கள் முடிவெடுத்து, அதை நோட்டில் எழுத வேண்டும். நிறுவனருக்கோ அறங்காவலருக்கோ அவர்களின் உறவினருக்கோ அமைப்பின் பணமோ சொத்தோ நியாயமற்ற முறையில் பயன்பட்டால் வரி விலக்கே பறிபோகலாம் என்பது வருமான வரிச் சட்டம். கோபித்துக்கொள்ளும் மாமனிடம் அந்தச் சட்டத்தைக் காட்டலாம். குற்றம் சாட்டுவது நீங்கள் அல்ல, பிரிவுதான் என்று ஆகிவிடும்.

வீடு யாருக்குக் கிடைக்கும் என்பதை யார் முடிவு செய்வது?

விதியைக் குழு எழுதும். அந்த விதிப்படி வரிசையை ஊழியர்கள் தயாரிப்பார்கள். தனித்தனிப் பெயர்களில் குழு தலையிடக் கூடாது. வருமான வரம்பு, குடும்பத்தில் எத்தனை பேர், இப்போது இருக்கும் வீட்டின் நிலை, தனியாகக் குழந்தைகளை வளர்க்கும் பெண்ணா, மாற்றுத்திறனாளி இருக்கிறாரா என்பன போன்றவற்றுக்கு மதிப்பெண் வைத்து எழுதிவிட்டால், "நம்ம பையன் ஒருத்தன், கொஞ்சம் பாருங்க" என்று வரும் தொலைபேசி அழைப்புக்குப் பதில் சொல்வது எளிது.

சொல்லாமல் விடக்கூடாத ஒன்றும் உண்டு. "எந்த ஊருங்க, எந்தக் கூட்டமுங்க" என்ற விசாரிப்பு நம் பகுதியில் அன்பாகவே தொடங்கும். முடிவில் அது சாதியைத் தெரிந்துகொள்ளும் கேள்வி. வாடகை வீட்டுச் சந்தையில் பலருக்குக் கதவு மூடப்படுவது அந்தக் கேள்வியில்தான். தருமத்துக்குக் கட்டிய வீட்டின் விண்ணப்பத்தில் அந்தக் கேள்விக்கு இடமிருக்கக் கூடாது. நேர்காணலில் யாரும் வாய்மொழியாகக் கேட்கவும் கூடாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து திருப்பூரில் தையல் ஓட்டும் குடும்பங்களுக்கும் இதே விதிதான். "குடியிருப்பவங்களுக்குள்ள ஒத்துப்போகாது" என்று எங்கள் குழுவில் ஒருவர் கவலைப்பட்டார். தண்ணீர்த் தொட்டி போதுமான அளவில் இல்லாதபோதுதான் ஒத்துப்போகவில்லை; இரண்டாவது தொட்டி வைத்த பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

வாடகை தராதவர்களை என்ன செய்வது? தொண்டு அமைப்பே ஏழையை வெளியேற்றலாமா?

இந்த வேலையில் தூக்கம் கெடுவது இதனால்தான். வாடகை வராவிட்டால் மேல்தளம் ஒழுகும், துப்புரவாளருக்குச் சம்பளம் போகாது. ஒழுங்காகக் கட்டுபவர், கட்டாதவரைப் பார்த்துத் தாமும் நிறுத்துவார். அதே நேரம், பின்னலாடை ஆர்டர் குறைந்து வாரத்தில் மூன்று நாள் மட்டுமே வேலை இருக்கும் காலத்தில் ஒரு குடும்பத்தின் சாமானைத் தெருவில் வைத்துவிட்டு, அறப்பணி என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளவும் முடியாது.

நாங்கள் செய்தவற்றில் மூன்று மாற்றங்கள் உதவின. பனியன் கம்பெனிகளில் பலருக்கும் சனிக்கிழமை வாரச் சம்பளம் என்பதால், மாத வாடகையை நான்காகப் பிரித்து ஞாயிறு காலையில் வாங்கத் தொடங்கினோம். மாதம் பத்தாம் தேதி மொத்தமாகக் கேட்டபோது இருந்த நிலுவை வெகுவாகக் குறைந்தது. இரண்டு வாரம் தவறினால், மூன்றாவது வாரம் நோட்டீஸ் அனுப்பாமல் ஓர் ஊழியர் வீட்டுக்குப் போய், வேலை போனதா, உடம்பு சரியில்லையா, கந்துவட்டியில் மாட்டியிருக்கிறார்களா என்று விசாரிக்க ஏற்பாடு செய்தோம். வாடகை வருவாயில் ஒரு சிறு பங்கை இடர்கால நிதியாக ஒதுக்கி, மருத்துவச் செலவில் சிக்கிய குடும்பத்தின் இரண்டு மாத வாடகையை அதிலிருந்து சரிக்கட்டினோம். தள்ளுபடி செய்யும் அதிகாரத்தை மேலாளரிடம் மட்டும் விடவில்லை. இரக்கமுள்ள மேலாளருக்குக்கூட, கேட்கத் தெரிந்தவர் மேல்தான் இரக்கம் முதலில் வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் கட்டாமலே இருப்பவர், அல்லது வீட்டை உள்வாடகைக்கு விட்டுக் காசு பார்ப்பவர் இருந்தால், வெளியேற்றத்தான் வேண்டும். அதைச் சட்டப்படி செய்ய வேண்டும். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. தண்ணீர், மின்சாரம் போன்றவற்றை நிறுத்தி ஆளைக் கிளப்புவதைத் தடுக்கிறது. ஃபியூஸைப் பிடுங்குவது தனியார் வாடகை வளவுகளில் கண்டும் காணாமல் விடப்படும் பழக்கமாக இருக்கலாம். நம் ஊழியர் ஒருவர் அதைச் செய்தார் என்று தெரிந்தால், அன்றே கூட்டம் கூட்ட வேண்டும்.

கட்டடப் பராமரிப்பில் குழு எதைக் கவனிக்க வேண்டும்?

2019 டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலையில், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், மழையில் ஊறிய உயரமான சுற்றுச்சுவர் ஒன்று பக்கத்து வீடுகளின் மேல் சரிந்து 17 பேர் இறந்தனர். அன்று முதல் எங்கள் அஜெண்டாவில் ஒவ்வோர் ஐப்பசி மாதத்துக்கு முன்பும் சுவர்கள், மேல்நிலைத் தொட்டியின் தூண்கள், மின்கம்பி, மாடிப்படிக் கைப்பிடி ஆகியவற்றைப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்து எழுதித் தர வேண்டும் என்று சேர்த்தோம். நம் சுவர் நம் குடியிருப்பவர் மேல் மட்டும் விழும் என்பதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்பதும் குழுவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டால் யாரை அழைக்கிறார்கள், எப்படிச் சுத்தம் செய்கிறார்கள் என்று கேளுங்கள். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். "அவரே இறங்கறேன்னாருங்க" என்பது தப்பிக்கும் வழி அல்ல. லாரி வைத்து உறிஞ்சுவதற்கான செலவை ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் தனியே காட்டிவிட்டால், அவசரத்தில் மலிவான வழியைத் தேட வேண்டியிருக்காது.

தண்ணீரில் நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் தனித்தனிக் கேள்விகள். சிறுவாணியோ பில்லூரோ எந்தத் திட்டத்துத் தண்ணீர் வந்தாலும், எத்தனை நாளுக்கு ஒரு முறை, எத்தனை குடம் என்பதைக் குடியிருப்பவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் சொல்கிறது. அந்த நிதியைப் பெற, 1.4.2021 முதல் நம் அமைப்பு சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவாகியிருக்க வேண்டும். நிதி தருபவர்கள் புதுக் கட்டடத்துக்குத் தருவார்கள், கல்வெட்டு வைப்பார்கள், நாடா வெட்டுவார்கள். ஏழாம் ஆண்டில் அதே கட்டடத்தின் குழாய் துருப்பிடித்தால் யாரும் வருவதில்லை. ஆகவே புதிதாகக் கட்டித் தருகிறேன் என்று ஒருவர் வரும்போது, அடுத்த 20 ஆண்டுக்கு அதைப் பராமரிக்க வாடகை போதுமா என்ற கணக்கைப் போட்டுப் பார்த்து, போதாது என்றால் பராமரிப்பு வைப்புநிதியும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். அப்படிக் கேட்டதால் எங்களுக்கு ஒரு கட்டடம் கைநழுவியது. இன்றும் அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். குழுவில் இருவர் இன்றும் தவறு என்கிறார்கள்.

பெண்கள் விடுதி, முதியோர் இல்லம், குழந்தைகள் காப்பகம் நடத்தத் தனி அனுமதிகள் வேண்டுமா?

ஆம். பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்த 2014இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது. மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். ஆதரவற்ற குழந்தைகள் தங்கும் இல்லம் என்றால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு வேண்டும். குழந்தை ஒன்று பாலியல் துன்பத்துக்கு ஆளானது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பது போக்சோ சட்டத்தில் குற்றம். "அமைப்பின் பெயர் கெட்டுவிடும்" என்று கூடிப் பேசி மறைப்பவர்களும் அதில் அடங்குவர். பத்து ஊழியர்களோ அதற்கு மேலோ இருந்தால், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு அமைக்க வேண்டும். உரிமத்தின் நகலைக் கையில் வாங்கித் தேதியைப் பாருங்கள்.

வீடற்றோருக்கான இரவுத் தங்குமிடத்தை மாநகராட்சிக்காக நடத்தித் தரும் பொறுப்பை ஏற்க அழைப்பு வந்தால், 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதல்களைப் படியுங்கள்: ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு தங்குமிடம், ஒருவருக்கு 50 சதுர அடி என்பவை அதில் உள்ளன. அந்த 50 சதுர அடியை நாடாவால் அளந்து பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.

அரசே அடுக்குமாடி கட்டித் தரும்போது நம்மைப் போன்றவர்கள் எதற்கு?

1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அரசு நிறுவனம் கோவையில் உக்கடம், கீரணத்தம், மலுமிச்சம்பட்டி போன்ற இடங்களில் கட்டியிருக்கும் வீடுகளின் எண்ணிக்கைக்குத் தொண்டு அமைப்புகள் பக்கத்தில்கூட வர முடியாது. ஆனால் வாடகைக்கு இருந்து நாலைந்து ஆண்டில் ஊர் மாறும் தொழிலாளிக்கு ஒதுக்கீட்டு வீடு பொருந்துவதில்லை. தவிர, அந்தக் குடியிருப்புகளில் குடியிருப்போர் நலச் சங்கங்கள் அமைத்துப் பராமரிப்பை நடத்தும் "நம் குடியிருப்பு நம் பொறுப்பு" திட்டம் வந்திருக்கிறது. அந்தச் சங்கங்களின் நிர்வாகிகளுக்குக் கணக்கு எழுதவும் கூட்டம் நடத்தவும் கற்றுத் தருவது அனுபவமுள்ள குழு உறுப்பினர்கள் செய்யக்கூடிய நல்ல உதவி.

ஏதாவது தவறு நடந்தால் என் சொந்தச் சொத்துக்கு ஆபத்து வருமா?

நல்லெண்ணத்தோடு, விதிப்படி எடுத்த முடிவு நட்டத்தில் முடிந்தால் பொதுவாக வராது. படிக்காமல் கையெழுத்திட்டது, தெரிந்தும் பேசாமல் இருந்தது, அமைப்பின் பணத்தை நோக்கத்துக்கு மாறாகச் செலவிட ஒப்புக்கொண்டது ஆகியவற்றில் பொறுப்பு உங்களைத் தேடி வரும். ஊழியரின் சம்பளத்தில் பிடித்த வருங்கால வைப்புநிதியைக் கட்டாமல் வேறு செலவுக்குத் திருப்பிவிடுவது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்பதைப் பலர் அறியாமல், "அடுத்த மாதம் கட்டிடலாங்க" என்று தலையாட்டிவிடுகிறார்கள். ஒரு முடிவில் உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால், மறுப்பை நோட்டில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். முகத்துக்காகச் சும்மா இருந்துவிட்டு, பிறகு டீக்கடையில் சொல்லும் மறுப்புக்குச் சட்டத்தில் மதிப்பில்லை.

வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் பணம் அனுப்பினால் வாங்கலாமா?

இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தம் சேமிப்பிலிருந்து தருவது வேறு. வேற்றுநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் தருவது வேறு. பின்னதற்கு 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு வேண்டும். பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென்றே தொடங்கிய கணக்கில்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பதிவு இல்லையென்றால், அனுப்புபவர் கூடப் படித்தவரே ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

விலக நினைத்தால் எப்படி விலகுவது?

கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டால் விலகியதாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பதிவேட்டில் பெயர் இருக்கும் வரை நீங்கள் உறுப்பினர்தான். கடிதம் எழுதிக் கொடுங்கள். அதை ஏற்ற தீர்மானத்தின் நகலையும், பதிவாளரிடம் மாற்றம் தெரிவிக்கப்பட்டதற்கான ஒப்புகையையும் வாங்கி வையுங்கள். வங்கியில் உங்கள் கையெழுத்து நீக்கப்பட்டதை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். நான் விலகி எட்டு மாதம் கழித்து, ஒரு காசோலை தொடர்பாக வங்கியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. புதுப் பொருளாளரைக் கூட்டிக்கொண்டு நேரில் போய், கையெழுத்து அட்டையை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.